வெந்நீருக்கு வந்த முனியப்பன்

1 ஆகஸ்ட், வெள்ளி

நேற்று அடித்த ஆடிக் காற்றில் வெள்ளியங்கிரியின் தோட்டத்தில் நின்ற வெள்ளவேல மரம் வேரோடு சாய்ந்துவிட்டது. வெள்ளியங்கிரி என் மனைவி ருக்குமணியின் தம்பி. இழவுச் செய்தி சொல்வதுபோல் போனில் சொன்னான். நான் ஒன்றுதான் கேட்டேன்.

"கெளைய வுடு மாப்ள. அடிமரம் எப்படி இருக்குது?"

"கல்லாட்டம் இருக்குதுங் மச்சான். ரெண்டாளு கை கோத்தாத்தான் கட்டிப் புடிக்கலாம்."

"அத எவனுக்கும் குடுத்தராத. எனக்கு வேணும்."

எதற்கு என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் கைவசம் இருந்தது. கேஸ் சிலிண்டர் சொன்ன நாளில் வருவதில்லை. வெந்நீருக்கு மட்டும் விறகு அடுப்பு போட்டுவிட்டால் சிலிண்டர் கூடக் கொஞ்ச நாள் தாங்கும். அவ்வளவுதான் விஷயம், வேறொன்றும் இல்லை.

காலையில் மயில்ராணி பஸ் வழக்கம்போல என் வீட்டு முன்னால் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. ரோட்டில் ஆள் இல்லை, மாடு இல்லை, ஒரு நாய்கூட இல்லை. பிறகு எதற்கு ஹார்ன்? நான் ஆயுசு முழுக்க அரசு பஸ் ஓட்டியவன். காரணம் இல்லாமல் ஹார்னில் கை வைத்ததில்லை. தனியார் பஸ்காரனுக்கு அந்த ஒழுக்கம் எங்கிருந்து வரும்? ருக்குமணிக்கும் அந்த நேரம் பார்த்து வாசலில் ஏதாவது வேலை வந்துவிடுகிறது. இன்று கோலத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனதாம்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ருக்குமணி அந்தியூர் போய் அவளைப் பார்த்துவிட்டு வந்தாள். எட்டாம் மாதம் நடக்கிறதாம். கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறதாம்.

அவளைப் பற்றி இந்த டைரியில் எழுதுவதில்லை என்றுதான் வைத்திருந்தேன். டெப்போவில் கடைசி நாள் சால்வையோடு சேர்த்துக் கொடுத்த டைரி இது. நல்ல விஷயங்களுக்கே பக்கம் போதவில்லை. இருந்தாலும் பின்னால் எவனாவது எடுத்துப் படித்தால் குழம்பக் கூடாது என்பதற்காகச் சுருக்கமாக எழுதிவைக்கிறேன். எனக்கு ஒரே பெண். மயில்ராணி பஸ்ஸின் டிரைவர் குமரேசன் என்பவன் வருடக்கணக்காக எனக்கு முன்னால் ஓடி, ஸ்டாப்பில் நின்ற ஆட்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போனவன். கடைசியில் என் பெண்ணையும் அள்ளிக்கொண்டு போனான். கல்யாணத்துக்கு நான் போகவில்லை. எனக்கு அன்று டியூட்டி. கேட்டு வாங்கிய டியூட்டி.

தலைப் பிரசவம் தாய்வீட்டில் என்பது ஊர் வழக்கம். ஆனால் அவள் ருக்குமணியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாளாம். "அப்பா வாயத் தொறந்து வான்னு கூப்புட்டா வாரேன். இல்லாட்டி இங்கயே பெத்துக்கறேன்."

ருக்குமணி சோறு போட்டுக்கொண்டே ஆரம்பித்தாள். "ஒரு வார்த்தைங். வா கண்ணுன்னு ஒரே வார்த்தை. வாயில இருந்து முத்தா உதுந்துரும்?"

"வாரவங்க வரட்டும். கதவு தொறந்துதான கெடக்குது."

"கதவு கூப்புடாதுங். ஆளுதான் கூப்புடோணும்."

ரசத்தில் உப்பு இல்லை. வேண்டுமென்றேதான் செய்திருப்பாள்.

5 ஆகஸ்ட், செவ்வாய்

அட்டாலியிலிருந்து செப்பு அண்டாவை இறக்கினேன். என் பெண் சுகந்தி பிறந்தபோது வெந்நீர் போட்ட அண்டா. புளி போட்டுத் தேய்த்ததில் தங்கம் மாதிரி வந்துவிட்டது. கொல்லையில் கல் அடுக்கி, மண் குழைத்து, அடுப்பும் கட்டினேன். ருக்குமணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று பார்த்தாள்.

"ரெண்டு பேரு குளிக்கறதுக்கு இத்தாச்சோட்டு அண்டா எதுக்குங்?"

"சிலிண்டரு மிச்சமாகும்."

"ஹீட்டருன்னு ஒண்ணு செவுத்துல தொங்குதே, அது கரண்டுலதான ஓடுது."

"கரண்டும் மிச்சமாகும்."

முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இருமலாக இருக்கும்.

11 ஆகஸ்ட், திங்கள்

மரம் அறுக்க பவர்சாக்காரன் வந்தான். கிளை, வேர், நுனி எல்லாவற்றையும் கத்திரிக்காய் நறுக்குவதுபோல் நறுக்கினான். அடிமரத்தில் வைத்ததும் மிஷின் முனகியது, புகைந்தது, கடைசியில் செயின் அறுந்து விழுந்தது. நல்லா வைரம் பாய்ந்த மரம். "இதுக்கு வேற பிளேடு கொண்டாரோணுங்" என்று போனவன் போனவன்தான்.

"துண்டு போட ஆளு கெடைக்கட்டுமுங் மச்சான், அப்பறம் எடுத்துக்கலாம்" என்றான் வெள்ளியங்கிரி. நான் ஒப்புக்கொள்ளவில்லை. துண்டு போட்டுத் தோட்டத்தில் வைத்தால் வருகிறவன் போகிறவன் எல்லாம் ஆளுக்கொரு கட்டை கேட்பான். முழுசாகக் கொண்டுவந்து வீட்டில் வைத்து நானே ஆப்படித்துப் பிளந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ருக்குமணி போனில் அவளிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "உங்கப்பனா? வெறகு வெறகுன்னு அலையறாரு... ஆமா சாமி, வெந்நிக்குத்தான்... இல்ல, இன்னும் வாயத் தொறக்கல." நான் ஒட்டுக் கேட்கவில்லை. அவள்தான் சத்தமாகப் பேசுகிறாள்.

19 ஆகஸ்ட், செவ்வாய்

ஆவணி பிறந்துவிட்டது. இனி எதையும் ஆரம்பிக்கலாம் என்று இன்று மரத்தை எடுக்கப் போனோம்.

ஏற்றிய விதத்தை எழுதிவைக்க வேண்டும், ஏனென்றால் யோசனை என்னுடையது. டிரெய்லரின் பக்கவாட்டுக் கதவை இறக்கி இரண்டு தென்னந்துண்டுகளைச் சாய்வாக வைத்தேன். ஒரு முனையை டிரெய்லரில் கட்டிய கயிற்றை மரத்துக்கு அடியில் விட்டு, மேலே சுற்றி, டிரெய்லரைத் தாண்டி அந்தப் பக்கம் கொண்டுபோய் வெள்ளியங்கிரியின் மாடுகளில் கட்டினோம். மாடு முன்னால் நடக்க நடக்க, மரம் தானே உருண்டு தென்னந்துண்டின் மேல் ஏறியது. வெள்ளியங்கிரி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான்.

எந்த வண்டியையும் பூஜை போடாமல் எடுத்துப் பழக்கமில்லை. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தேன், டிராக்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்தேன். கையில் மிச்சம் இருந்ததை மரத்தின் அறுத்த முகத்தில் அப்பி, ஒரு பெரிய பொட்டும் வைத்தேன். ஒரு எலுமிச்சையையும் மரத்தின் மேல் வெடிப்பில் இறுக்கிச் சொருகிக் கற்பூரம் காட்டினேன்.

வழியில் குன்றை ஒட்டித் திரும்பும் கரட்டு வளைவு வரைக்கும் சொகுசாக வந்தது. வளைவில் வெள்ளியங்கிரி டிராக்டரைக் கொஞ்சம் வெடுக்கென்று திருப்பினான். டிரெய்லரின் பின்கதவுக் கொக்கி பிடுங்கிக்கொண்டது. மரம் பின்பக்கமாக வழுக்கி இறங்கி, சிமெண்டு மூட்டை விழுந்த மாதிரி ரோட்டில் விழுந்தது. டிரெய்லரின் அடிச்சட்டமும் வளைந்துபோனது. நல்லவேளை, பின்னால் யாரும் வரவில்லை.

"பொறுமையாத் திருப்புன்னு சொன்னனா இல்லையா?" என்றேன்.

"எலுமிச்சம்பழம் வெச்சா ஒண்ணும் ஆகாதுன்னீங்களே மச்சான்."

பழம் அழுகலாக இருந்திருக்க வேண்டும்.

கடப்பாரை போட்டு நெம்பி நெம்பி மரத்தை ரோட்டோரத்துக்குத் தள்ளினோம். அதற்கு மேல் அசையவில்லை. ஆனால் ரோட்டில் ஒரு தடை இருந்தால் டிரைவர் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். முன்னால் மூன்று கல் வைத்தேன். தூரத்திலிருந்தே தெரியும்படி தழை சொருக வேண்டும், பக்கத்தில் வேப்பமரம்தான் இருந்தது, ஒரு கொத்து ஒடித்துச் சொருகினேன். முறைப்படி எல்லாம் செய்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

20 ஆகஸ்ட், புதன்

டிரெய்லர் பட்டறையில் கிடக்கிறது. இடுப்பு வலி. ருக்குமணி தைலம் தேய்த்துவிட்டாள், கொஞ்சம் அழுத்தியே தேய்த்தாள்.

21 ஆகஸ்ட், வியாழன்

மரம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கக் கரட்டு வளைவுக்குப் போனேன். மரம் இருந்தது. மரத்தின் மேல் ஒரு முழம் கதம்பமும் இருந்தது. முன்னால் ஒரு அகல்விளக்கு. எவனோ விளையாடியிருக்கிறான் என்று நினைத்து, எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வந்தேன்.

22 ஆகஸ்ட், வெள்ளி

கதம்பம் மறுபடி மரத்தின் மேல் ஏறிவிட்டது. கூட இரண்டு தேங்காய் மூடி, விபூதி, ஒரு மஞ்சள் துணி. வளைவுக்குப் பக்கத்தில் தள்ளுவண்டியில் பூ விற்கும் மாராத்தாளிடம் கேட்டேன், இதெல்லாம் என்ன வேடிக்கை என்று.

"வேடிக்கைங்களா? முனியப்பன் வந்து உக்காந்திருக்குதுங் டிரைவரண்ணா. முந்தாநேத்துக் காலையில வந்து பாக்கறேன், மூணு கல்லு, வேப்பங்கொத்து, எலுமிச்சம்பழம், மொகத்துல பொட்டோட சிரிச்ச மொகமா உக்காந்திருக்குது. வேலமரத்துல முனியப்பன் இருக்குமுன்னு எங்கம்மா சொல்லுவா."

"அது நான் வெச்ச பொட்டு, மாராத்தா. நான் வெச்ச கல்லு. ஆரும் வந்து மோதாம இருக்கறதுக்கு வெச்சது."

அவள் கையிலிருந்த பூவைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கும்பிட்டாள். "அதத்தானுங் நானும் சொல்றேன். ஆரும் மோதாம காப்பாத்தறதுக்குத்தான் வந்திருக்குது. உங்க கையில பொட்டு வெக்கச் சொல்லியிருக்குது பாருங், நீங்க குடுத்து வெச்சவுங்க."

வீட்டுக்கு வந்து சொன்னேன். ருக்குமணி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

23 ஆகஸ்ட், சனி. அமாவாசை

கரட்டு வளைவில் ஒரு சேவல் அறுத்திருக்கிறார்கள்.

25 ஆகஸ்ட், திங்கள்

பெயரும் வைத்தாகிவிட்டது. வளைவு முனியப்பன். லாரிக்காரர்கள் நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். என் பழைய டெப்போ பஸ்கூட அங்கே மெதுவாகப் போகிறது. கண்டக்டர் ஜன்னலிலிருந்து பூ வீசுகிறான். அந்த வளைவில் வேகத்தைக் குறை, வேகத்தைக் குறை என்று ஆயுசு முழுக்கக் கத்தினேன், ஒருவனும் கேட்கவில்லை. என் விறகுக் கட்டை சொன்னால் கேட்கிறார்கள்.

மயில்ராணிக்காரன் மட்டும் இறங்கிக் கும்பிடவில்லையாம். மரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனானாம். மாராத்தாள் கோபமாகச் சொன்னாள். அது யார் வீட்டு விறகு என்று ருக்குமணி எல்லோரிடமும் சொல்லியிருப்பாள்.

ஒன்பதாம் மாதம் பிறக்கப் போகிறது. அடுப்பு காய்ந்துவிட்டது. அண்டா பளபளக்கிறது. விறகு சாமியாகிவிட்டது. கிளை விறகு எரிக்கலாம்தான், ஆனால் அது படபடவென்று எரிந்து அணைந்துவிடும். வைரம் பாய்ந்த கட்டை ஒன்று போட்டால் நின்று எரியும், பச்சை உடம்புக்கு ஒரே சூட்டில் தண்ணீர் கிடைக்கும். சிலிண்டர் மிச்சமாவதும் அதில்தான்.

28 ஆகஸ்ட், வியாழன்

இன்று நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

டிரெய்லர் சரியாகி வந்தது. வெள்ளியங்கிரியையும் கயிறு, கடப்பாரையையும் கூட்டிக்கொண்டு கரட்டு வளைவுக்குப் போனேன். நான் மரத்தில் கை வைத்ததுதான் தாமதம், மாராத்தாள் குறுக்கே வந்து நின்றாள். பின்னாலேயே நாலைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள்.

"சாமிய எங்கீங் கொண்டு போறீங்?"

"ஊட்டுக்கு."

"ஊட்டுல கோயில் கட்டப் போறீங்களா?"

"இல்ல. அடுப்பெரிக்க."

சொல்லியிருக்கக் கூடாது. கூட்டத்தில் ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஒருவன் என் கையிலிருந்த கடப்பாரையைப் பிடித்துக்கொண்டான். வெள்ளியங்கிரி டிராக்டருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான், உறவுமுறை என்பது இவ்வளவுதான். இது என் மரம், என் பொட்டு, என் கல் என்று நான் கத்தினேன். சாமிக்கு ஏது சொந்தக்காரன் என்று அவர்கள் கத்தினார்கள்.

அந்த நேரத்தில் மயில்ராணி வந்து நின்றது.

நிற்க வேண்டிய ஸ்டாப் இல்லை அது. தனியார் பஸ்ஸுக்கு நேரம்தான் உயிர். பின்னால் என் டெப்போ பஸ் வந்துகொண்டிருந்தது. அது அவனைத் தாண்டி முன்னால் போனால் அடுத்த ஸ்டாப்பெல்லாம் அதற்குத்தான். தெரிந்தும் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினான் குமரேசன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அரசு பஸ் அவனை முந்திக்கொண்டு போனது. நியாயமாக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஏனோ சந்தோஷம் வரவில்லை.

அவன் என்னைப் பார்க்கவில்லை, மாராத்தாளைப் பார்த்துப் பேசினான். "ஏனுங்கக்கா சண்டை? சாமிகிட்டயே கேட்டறலாமில்லீங்? பூ வாக்குக் கேளுங். வலப்பக்கம் உழுந்தா எடுத்துட்டுப் போகட்டும். எடப்பக்கம் உழுந்தா இங்கயே கோயில் கட்டிக்கலாம்."

கல்யாணம் ஆனாலும் கிணறு வெட்டினாலும் இந்தப் பக்கத்தில் பூ வாக்குக் கேட்காமல் ஒன்றும் நடக்காது. அதனால் யாரும் மறுக்கவில்லை. பொட்டு வைத்த முகம்தான் சாமியின் முகம், அது கீழ் ரோட்டைப் பார்க்கிறது, அதற்கு வலக்கைப் பக்கம்தான் வலப்பக்கம் என்று முடிவானது. மரத்தின் மேல் கிளை அறுத்த இடம் ஒன்று தட்டு மாதிரி இருந்தது. மாராத்தாள் ஒரு செவ்வரளியைத் தண்ணீரில் நனைத்து அதில் வைத்தாள்.

"எதுக்கு வேணுமின்னு சாமிகிட்ட வாயத் தொறந்து சொல்லுங் டிரைவரண்ணா. நெசத்தச் சொல்லோணும். பொய் சொன்னா உத்தரவு கெடைக்காது."

கைகூப்பினேன். "முனியப்பா, அடுப்பெரிக்க வேணும்."

பூ அசையவில்லை.

"கேஸ் சிலிண்டரு நேரத்துக்கு வாரதில்ல. அத மிச்சம் பண்றதுக்கு..."

பூ அசையவில்லை. பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நெசத்தச் சொல்லுங்" என்றாள் மாராத்தாள், இந்த முறை மெதுவாக. குமரேசன் தன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டான். போகப் போகிறான் என்று நினைத்தேன்.

துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தேன். தூசியாக இருக்கும் என்று எழுதலாம், ஆனால் சாமி விஷயம், பொய் எழுதக் கூடாது. அழுகைதான்.

"எம் பொண்ணு சுகந்திக்குத் தலைப் பிரசவம்" என்றேன். "அவ நம்மூட்டுக்கு வரோணும். பெத்த ஒடம்புக்கு வெந்நி ஊத்தோணும். அதுக்குத்தான் இந்த வெறகு. அவ வந்தாப் போதும் சாமி. வேற ஒண்ணும் வேண்டாம்."

அப்போது மயில்ராணியின் இன்ஜின் ஸ்டார்ட் ஆனது. பழைய இன்ஜின், தரையே அதிர்ந்தது. பூ ஒரு ஆட்டம் ஆடியது, நகர்ந்தது, வழுக்கி வலப்பக்கம் விழுந்தது.

மாராத்தாள் குலவை போட்டாள்.

அந்த வளைவில் ரோடு வலப்பக்கம் சரிந்திருக்கும். மரமும் அந்தச் சரிவுக்குத் தக்கபடிதான் படுத்திருந்தது. ஆயுசு முழுக்க அதில் ஸ்டியரிங் பிடித்த எனக்கு அது தெரியும். இன்னொருவனுக்கும் தெரியும். அவன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். சாமி உத்தரவு கொடுத்தது, அவ்வளவுதான். இதில் ஆராய்ச்சி எதற்கு?

"வண்டிய அணைச்சுட்டு வா" என்றேன். "கவுத்தப் புடி." அவனிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது.

மாடு தேவைப்படவில்லை. மயில்ராணியின் பயணிகள் பாதிப் பேர் இறங்கிக் கயிற்றைப் பிடித்தார்கள். நானும் குமரேசனும் முன்னால். மரம் உருண்டு ஏறியது. மூன்று கல்லும் வேப்பங்கொத்தும் இருக்கட்டும், சாமி அங்கேயே இருக்கும் என்று மாராத்தாள் சொல்லிவிட்டாள். நல்ல யோசனை. அந்த வளைவுக்கு யாராவது இருக்க வேண்டும்.

கிளம்பும்போது குமரேசன் பக்கத்தில் வந்தான். "மாமா, நீங்க சொன்னத சுகந்திகிட்டச் சொல்லட்டுங்களா?"

"வேண்டாம். நானே வந்து சொல்லிக்கறேன்."

31 ஆகஸ்ட், ஞாயிறு

தனியார் பஸ்ஸில் கால் வைப்பதில்லை என்று இருபது வயதில் போட்ட சபதத்தை இன்று விட்டேன். ருக்குமணி பட்டுச்சேலை கட்டிக்கொண்டாள், நான் சலவைச் சட்டை. மயில்ராணி வீட்டு முன்னாலேயே நின்றது.

முன்சீட்டில் உட்கார்ந்தேன். வண்டி சுமார். கிளட்ச் கொஞ்சம் சத்தம் போடுகிறது. வளைவு வரும்போதெல்லாம் என் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. நாலாவது வளைவில் அவன் திரும்பாமலே சொன்னான், "மாமா, பிரேக்க நான் பாத்துக்கறனுங்."

"நீ ரோட்டப் பாத்து ஓட்டு" என்றேன்.

கரட்டு வளைவில் முக்கால்வாசி நிறுத்தியேவிட்டான். மூன்று கல்லைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தான். திருப்பிய விதமும் பரவாயில்லை. பயணிகளுக்கு உடம்பு ஆடவில்லை. எழுதி வைக்கிறேன், ஆனால் அவனிடம் சொல்லப்போவதில்லை.

அந்தியூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரிலேயே அவர்கள் வீடு, சுகந்தி வாசலில் நின்றிருந்தாள். வயிறு முன்னால் தள்ளி, முகம் உப்பி, ருக்குமணி அந்தக் காலத்தில் இருந்த மாதிரியே. வரும் வழியெல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்த வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை.

"கெளம்பு" என்றேன். "மழ வாரதுக்குள்ள வெறகப் பொளக்கோணும்."

"இதாப்பா கூப்புடற லட்சணம்?" அவள் முகத்தைக் கடுகடு என்றுதான் வைத்திருந்தாள், உதடு மட்டும் ஒத்துழைக்கவில்லை. "முனியப்பன்கிட்டச் சொன்னீங்களாமே, அத எங்கிட்டச் சொல்லுங்."

"ஆரு சொன்னது?"

"பஸ்ஸுல இருந்த அத்தன பேரும் சொன்னாங்க. அவரு மட்டுந்தான் சொல்லல."

"வா கண்ணு" என்றேன். "நீ இல்லாம ஊடு நல்லாவே இல்ல." அவ்வளவுதான். முத்து ஒன்றும் உதிரவில்லை. அவள் அழுதாள், ருக்குமணி அழுதாள். நான் பஸ்ஸின் டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று போய்ப் பார்த்தேன். குமரேசனும் அங்கேதான் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் வாடகைக் காரில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

3 செப்டம்பர், புதன்

ஆப்படிக்க ஆரம்பித்தேன். முதல் ஆப்பு உள்ளே போகவே அரைநாள். இரண்டாவது ஆப்பில் டிக்கென்று ஒரு சத்தம், பிறகு மரம் வாய் திறந்தது. குமரேசன் லீவு நாளில் வந்து சம்மட்டி பிடித்தான். ஆப்பைவிட என் விரலுக்குத்தான் அதிகம் குறி வைக்கிறான்.

பொட்டு வைத்த முகத்தை மட்டும் பிளக்க ருக்குமணி விடவில்லை. அதைத் தனியாக வெட்டச் சொல்லி அடுப்புப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை பொட்டு வைப்பாளாம்.

12 செப்டம்பர், வெள்ளி

விறகு அடுக்கி முடிந்தது. கொல்லைச் சுவர் நீளத்துக்கு, மழை படாமல். சுகந்தி நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை வாங்கினாள். "அந்த வரிசை கோணலா இருக்குதுப்பா." டெப்போ மேனேஜர்கூட என்னை இப்படி விரட்டியதில்லை.

26 செப்டம்பர், வெள்ளி

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சௌக்கியம். கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

30 செப்டம்பர், செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார்கள். விடிவதற்கு முன்பே எழுந்து அடுப்பு மூட்டினேன். வைரம் பாய்ந்த கட்டை பிடிப்பதற்குத்தான் நேரமாகும், பிடித்தால் விடாது. புகை இல்லை, படபடப்பு இல்லை. அண்டாவில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. மாராத்தாள் சொல்லி அனுப்பியிருந்தபடி, முதல் சொம்பை அந்தப் பொட்டுக் கட்டையின் முன்னால் ஊற்றிவிட்டு, பிறகு விளாவி உள்ளே கொடுத்தேன்.

குளித்துவிட்டு வந்த சுகந்தி திண்டில் சாய்ந்து உட்கார்ந்து சொன்னாள், "ஒடம்பு வலியெல்லாம் எங்க போச்சுன்னே தெரியலப்பா."

பேர் என்ன வைக்கலாம் என்று பேச்சு வந்தது. முனியம்மா என்றாள் ருக்குமணி, சிரிக்காமல். குமரேசன் பயந்து என் முகத்தைப் பார்த்தான். எனக்கு அந்தப் பேர் பிடித்துத்தான் இருக்கிறது. யாரும் என்னைக் கேட்கவில்லை.

7 அக்டோபர், செவ்வாய்

வெந்நீர் போட்டு முடித்தேன். பாப்பா குளித்து, சாம்பிராணிப் புகை காட்டி, பால் குடித்துத் தூங்கிவிட்டாள். மயில்ராணி வரும் நேரம். ருக்குமணி உள்ளே கை வேலையாக இருந்தாள். நான்தான் வாசலில் நின்றேன், கோலத்தில் புள்ளி ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க.

பஸ் வந்தது. வீடு நெருங்கியதும் வேகத்தைக் குறைத்தான். இன்ஜின்கூட அடக்கமாகத்தான் சத்தம் போட்டது. பிள்ளை தூங்கும் என்று அவனுக்குத் தெரியும். ஹார்ன் அடிக்காமலே கடந்து போய்விட்டான். நான் கையைத் தூக்கிக் காட்டினேன். அவன் பார்த்தானா என்று தெரியவில்லை.

வீட்டுக்குள் வந்த பிறகும் எதையோ மறந்துவிட்ட மாதிரியே இருந்தது. பல் தேய்த்தாயிற்று, காபி குடித்தாயிற்று, அடுப்பும் பார்த்தாயிற்று. பிறகுதான் அது என்னவென்று பிடிபட்டது.

நாளைக்கு அவனிடம் சொல்ல வேண்டும். பாப்பா தூங்கினாலும் பரவாயில்லை, சின்னதாக ஒன்று அடித்துவிட்டுப் போகட்டும்.